ராயபுரம் நிலையத்துக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்?



வடசென்னையில் இருக்கும் நம் மாத்தூரில் ரயில் நிலையம் கிடையாது. திருவொற்றியூர் போக வேண்டும், இல்லையென்றால் விம்கோ நகர், இல்லையென்றால் பெரம்பூர். எங்கே வண்டி ஏறுவதானாலும் முதலில் ஒரு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்தாக வேண்டும். ரயில் நிலையமே இல்லாத ஊரில் ரயில் நிலையத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இங்கேதான் இதைப் பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு ரயில்வேக்காரர்கள் இருக்கிறார்கள். பெரம்பூர் ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள், தண்டையார்பேட்டை யார்டில் ஷண்டிங் பார்த்தவர்கள், ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ரயில் பெட்டி கட்டியவர்கள் என்று எத்தனை பேர்! ஓய்வு பெறும்போது கிடைத்த பணத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். வடசென்னை ரயிலின் நினைவு இன்று நிலையங்களில் இல்லை, இப்படிப்பட்ட வீடுகளில் இருக்கிறது.

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் இதுதான். ராயபுரம் ரயில் நிலையம் என்ற பழைய கட்டடத்தில், வடசென்னையின் ரயில் வரலாற்றைக் காப்பதற்கு, சம்பளம் வாங்காத சாதாரண மக்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்த முடியுமா? முடியும் என்கிறேன். நடத்தியே தீர வேண்டும் என்கிறேன்.

ராயபுரத்துக்குப் போவதற்கு முன்னால், செங்குன்றத்துக்கு ஒரு நிமிடம் போய்வருவோம். இந்தியாவில் முதல் ரயில் எங்கே ஓடியது என்று கேட்டால் பிள்ளைகள் உடனே சொல்வார்கள்: 1853 ஏப்ரல் 16, பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு. பயணிகள் வண்டிக்கு அந்தப் பதில் சரி. ஆனால் அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1837-ல், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை தண்டவாளம் போட்டு, சாலை போடும் கற்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் ஓடின. இந்தியாவின் முதல் ரயில் பாதை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது அதைத்தான். அதை முன்னின்று உருவாக்கியவர்களில் ஒருவர் ஆர்தர் காட்டன். ஆமாம், காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிய அதே காட்டன்தான். பிற்காலத்தில் அவரே, இந்த நாட்டுக்கு ரயிலைவிட வாய்க்கால்தான் முக்கியம் என்று வாதாடினார். மாத்தூரிலிருந்து செங்குன்றம் எவ்வளவு தூரம்? நம் பக்கத்து ஊர். அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும்? நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பம்பாய் தெரிகிறது, செங்குன்றம் தெரியவில்லை. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத வரலாற்றுக்கு இதுதான் கதி.

சரி, ராயபுரத்துக்கு வருவோம்.

மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1853-ல் பாதை போடத் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பாதை தயாராகிவிட்டது. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறப்பு விழா நடத்தினார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்காக வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தது நம் ஊர் சிம்சன் கம்பெனி. குதிரை வண்டிகள் செய்துகொண்டிருந்தவர்கள் ரயில் பெட்டி செய்தார்கள். அந்தத் தண்டவாளம் அங்கே நின்றுவிடவில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, கள்ளிக்கோட்டைக்குப் பக்கத்தில் பேப்பூர்க் கடற்கரையைத் தொட்டது. கிழக்குக் கடலில் கிளம்பி மேற்குக் கடலைத் தொட்ட பாதைக்குத் தலைவாசல் எது? ராயபுரம்!

ஏன் ராயபுரம்? அப்போது மெட்ராஸில் துறைமுகம் கட்டப்படவில்லை. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். அலையைக் கடந்து போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வருவது மசூலாப் படகோட்டிகளின் வேலை. அந்தப் படகுக்காரச் சமூகம் கட்டிய ராயப்பர் கோயில் இன்றும் அந்தப் பகுதியில் நிற்கிறது. கோட்டை பக்கம், கறுப்பர் நகரத்து வணிகர்கள் பக்கம், கடற்கரை பக்கம். சரக்கும் ஆளும் ஒருசேரக் கிடைக்கும் இடத்தில் நிலையத்தைக் கட்டினார்கள்.

இப்போது ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். பம்பாயின் முதல் நிலையம் போரிபந்தர் இன்று இல்லை. அந்த இடத்தில்தான் பெரிய விக்டோரியா டெர்மினஸ் எழுந்தது. கல்கத்தாப் பக்கம் ஹௌராவில் 1854-ல் வண்டி கிளம்பிய பழைய கொட்டகை இன்று இல்லை. இப்போது நாம் பார்ப்பது 1905-ல் வந்த கட்டடம். ராயபுரம் மட்டும் நிற்கிறது. உயர்ந்த தூண்களோடு, 1856-ல் எழுந்த அந்தக் கட்டடம் நிற்கிறது. இந்தியாவில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் டெல்லியில் இல்லை, பம்பாயில் இல்லை, கல்கத்தாவில் இல்லை. கடற்கரை நிலையத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் இருக்கிறது! கும்மிடிப்பூண்டி வண்டியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டே நாம் அதைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறோம்.

அதன் பெருமைக்காலம் நீளவில்லை. 1873-ல் சென்ட்ரல் வந்தது. 1907-ல் சென்ட்ரலே தலைமை முனையம் ஆனது. ராயபுரம் மெல்ல மெல்லச் சரக்கு நிலையமானது, சிறு நிறுத்தமானது, பாழடைந்தது. சென்னை வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா போன்றவர்கள் விடாமல் எழுதினார்கள், குரல் கொடுத்தார்கள். 2005-ல் கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. அந்த வகையில் கட்டடம் பிழைத்தது. ஆனால் கட்டடம் பிழைத்தால் வரலாறு பிழைத்துவிட்டதாக ஆகுமா? சுவருக்கு வெள்ளை அடிக்கலாம், கூரையை மாற்றலாம். அந்தச் சுவருக்குள் யார் வேலை செய்தார்கள், யார் மூட்டை தூக்கினார்கள், யார் போராடினார்கள் என்பதை எந்தக் கான்ட்ராக்டர் எழுதிக்கொடுப்பார்?

ரயில் வரலாறு என்றால் கவர்னர் வந்தார், நாடா வெட்டினார், விருந்து நடந்தது என்பது மட்டும்தானா? ஒரு தொண்டர் சங்கம் எதைக் காக்க வேண்டும் என்பதில்தான் என் பேச்சின் உயிர் இருக்கிறது.

முதலில் பணத்தின் வரலாறு. அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளில் முதல் போட்டவர்கள் லண்டன்காரர்கள். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு 5 சதவீதம் கிடைக்கும் என்று அவர்களுக்கு உத்தரவாதம் தரப்பட்டது. குறைந்த தொகையை ஈடுகட்டியது யார் பணம்? நம் முன்னோர் கட்டிய வரிப்பணம். அடுத்து 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம். வெளியிலிருந்து வந்து மெட்ராஸ் கடற்கரையில் மலைமலையாகக் குவிந்த தானிய மூட்டைகளின் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த மூட்டைகள் உள்நாட்டுக்குப் போனது ரயிலில். அதே ரயில் நல்ல காலத்தில் உள்நாட்டுத் தானியத்தைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டும் வந்தது. ரயில் சோறும் போட்டது, சோற்றை எடுத்துக்கொண்டும் போனது. இரண்டையும் சொல்கிற வரலாறுதான் நமக்கு வேண்டும்.

அடுத்து உழைப்பின் வரலாறு. பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் தொடங்கியது ராயபுரத்து வண்டி ஓடிய அதே 1856-ல். ஐ.சி.எஃப். 1955-ல். விம்கோ நகர் நிலையத்துக்குப் பெயர் கொடுத்தது ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. தண்டையார்பேட்டையில் எண்ணெய் டேங்கர் வண்டிகள், எண்ணூரில் நிலக்கரி, சால்ட் கோட்டார்ஸில் பேருக்கேற்ற உப்பு. 1899-ல் கூடூர் வழியாக வடக்குப் பாதை திறந்த பிறகு, ஆந்திரத்துக்கும் கல்கத்தாவுக்கும் போகும் வண்டிகளெல்லாம் நம் வட்டாரத்தின் வழியாகத்தான் போயின. தென் சென்னைக்கு ரயில் என்றால் ஆபீஸுக்குப் போகும் வண்டி. நமக்கு ரயில் என்றால் வேலை, சம்பளம், குவார்ட்டர்ஸ், யூனியன்.

யூனியன் என்றேன். 1928-ல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம். அதற்காகச் சிறைக்குப் போனவர் சிங்காரவேலர். மீனவக் குடும்பத்தில் பிறந்து, 1923-ல் இதே மெட்ராஸ் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய அதே சிங்காரவேலர். 1974 மே 8 முதல் 27 வரை இருபது நாள் நாடு முழுவதும் ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தம். ஆயிரக்கணக்கானவர்கள் கைதானார்கள், வேலை போயிற்று, குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அந்த இருபது நாளில் வீட்டில் அடுப்பு எரிந்ததா, எரியவில்லையா? பிள்ளைகள் எங்கே படுத்தார்கள்? கடைக்காரர் கடன் கொடுத்தாரா? இதெல்லாம் எந்த அரசாங்கக் கோப்பிலும் கிடைக்காது. அப்போது வீட்டை நடத்திய அம்மாக்களைக் கேட்டால்தான் கிடைக்கும். அன்று முப்பது வயதாக இருந்தவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. நமக்கு நேரம் மிகக் குறைவு.

இன்னொன்று கைவேலையின் வரலாறு. பிள்ளைகளே, நீங்கள் பார்க்கும் சிக்னல் கலர் விளக்கு. உங்கள் தாத்தா பார்த்தது கைகாட்டி மரம். கேபினில் இருக்கும் ஆள் நெம்புகோலை இழுத்தால், கம்பி வழியாக வெகுதூரத்தில் கை இறங்கும். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்து மோதாமல் காத்தது எது தெரியுமா? டோக்கன் என்ற ஒரு பந்து. அது கையில் இருந்தால்தான் டிரைவர் அடுத்த நிலையத்துக்குக் கிளம்பலாம். ஒரு டோக்கனை எடுத்துவிட்டால், அது திரும்பப் பெட்டி போன்ற கருவிக்குள் போகும்வரை இரண்டு முனையிலும் அடுத்தது வெளியே வராது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு பந்தும் ஒரு பெட்டியும் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தன. கீமேன் என்று ஒருவர் உண்டு. வெயிலானாலும் மழையானாலும் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பார்த்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவிகளில் தளர்ந்தவற்றைச் சுத்தியலால் அடித்து இறுக்குவார். அட்டை டிக்கெட் நினைவிருக்கிறதா? அதை அச்சடித்த ரயில்வே அச்சகங்களில் ஒன்று நம் ராயபுரத்தில்தான் இருந்தது. அங்கே எழுத்துக் கோத்தவர்கள், எண் போட்டவர்கள், எண்ணிக் கட்டியவர்கள் ராயபுரத்திலும் கொருக்குப்பேட்டையிலும் இன்னும் வாழ்கிறார்கள். அவர்களிடம் யாராவது போய்க் கேட்டோமா?

பெரம்பூர்க்காரர்களின் கைத்திறனுக்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். 1855-ல் இங்கிலாந்தில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி இன்ஜின் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஜமால்பூரிலும் ஹௌராவிலும் வெறும் காட்சிப் பொருளாக நின்றது. அதைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். இல்லாத பாகங்களை நம் தொழிலாளர்கள் செய்தார்கள், பொருத்தினார்கள், நீராவி ஏற்றினார்கள். 2010 ஆகஸ்ட் 15 அன்று, 155 வயதான அந்த இன்ஜின் சென்னையில் மறுபடி ஓடியது! உலகத்தில் எத்தனை ஊருக்கு இந்தப் பெருமை உண்டு? அந்த வேலையைச் செய்த ஃபிட்டர்கள், டர்னர்கள், பாய்லர்காரர்கள் பெயர்கள் ஓரிடத்தில் எழுதி மாட்டப்பட வேண்டாமா?

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, நம்மால் என்ன ஆகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைக் கதை ஒன்றைக் கேளுங்கள். இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்று ஒரு சின்ன ரயில் பாதை. 11 கிலோமீட்டர்தான் இருக்கும். மலையிலிருந்து பலகைக்கல் இறக்குவதற்காகப் போட்டது. 1950-ல் அதன் உரிமையாளர் இறந்துபோனார். பாதையை மூடிவிடுவார்கள் என்ற நிலை. டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் அந்த அக்டோபரில் பர்மிங்ஹாம் நகரத்து ஓட்டல் ஒன்றில் கூட்டம் போட்டார்கள். நம்மைப் போலத்தான், ஒரு ஹால், கொஞ்சம் நாற்காலி. சங்கம் அமைத்தார்கள். 1951 மே மாதம் தொண்டர்களே வண்டியை ஓட்டினார்கள். ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், பாதிரிமார்கள் லீவு போட்டு வந்து புல் வெட்டினார்கள், கட்டை மாற்றினார்கள், டிக்கெட் கொடுத்தார்கள். நம் வீட்டுக் குழந்தைகள் டி.வி.யில் பார்க்கும் தாமஸ் என்ற நீல இன்ஜின் கதைகளை எழுதிய ஆட்ரி பாதிரியார்கூட அங்கே தொண்டராக வேலை செய்தவர்தான். அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. அதன் நிலையத்திலேயே அருங்காட்சியகமும் இருக்கிறது. உலகத்தில் தொண்டர்கள் நடத்திய முதல் ரயில் அது.

வெள்ளைக்காரர்களுக்குப் பணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது என்பீர்கள். நம் நீலகிரிக்கு வாருங்கள். மலை ரயிலுக்காகப் பேசவும், எழுதவும், ஆவணங்கள் திரட்டவும் அங்கே ஆர்வலர்கள் ஓர் அறக்கட்டளையே அமைத்திருக்கிறார்கள். 2005-ல் யுனெஸ்கோ அந்த ரயிலுக்கு உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது. டெல்லியில் 1977-ல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு ஊர் ஊராகத் தேடி இன்ஜின்களைச் சேர்க்க உதவியவர் மைக் சாட்டோ. ரயில்வேக்காரர் கிடையாது, ஒரு ரசாயனக் கம்பெனியின் அதிகாரி.

இழந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1956-ல் தொடங்கிய யாழ்தேவி, கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே ஓடிய உயிர்நாடி. 1990-ல் போரால் நின்றது. தண்டவாளங்களும் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. 24 ஆண்டுகள் கழித்து, 2014 அக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி வண்டி வந்தது. நடுவில் பிறந்த ஒரு தலைமுறைக்கு ரயில் என்பது பெற்றோர் சொன்ன கதை மட்டும்தான். தண்டவாளமே இல்லாத அந்த ஆண்டுகளில் அவர்கள் அந்த நினைவை வாயால் சொல்லிச் சொல்லிக் காத்தார்கள். தண்டவாளமும் இருந்து, நிலையமும் இருந்து, வண்டியும் ஓடிக்கொண்டிருக்கும் நாம் காக்கவில்லை என்றால் அதை என்னவென்று சொல்வது?

இனி நம் ராயபுரத்துக்கே திரும்புவோம். அதைச் சென்னையின் மூன்றாவது ரயில் முனையமாக்க வேண்டும் என்று வடசென்னை மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டார்கள். அது நியாயமான கோரிக்கை. அருங்காட்சியகம் கேட்டால் முனையக் கோரிக்கை பலவீனமாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நிலையத்தின் வரலாற்றைக் கையில் வைத்திருக்கும் ஊர்க்காரனின் பேச்சுக்கு அதிகாரியின் மேசையில் கனம் கூடுமே தவிரக் குறையாது. இன்றைக்கும் டெல்லிக்குப் போகும் வண்டியை இழுக்கும் மின்சார இன்ஜினின் பக்கவாட்டில், அதன் லோகோ ஷெட் பெயராக 'ராயபுரம்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இன்ஜின் நம் பெயரை நாடெல்லாம் சுமந்துகொண்டு போகிறது. நாம் அதை நம் வீட்டு வாசலில் சொல்வதுகூட இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். சங்கத்தைப் பதிவு செய்வது பெரிய காரியம் இல்லை. 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். இந்த அரங்கத்தில் ஏழு பேர் இல்லையா? முதல் வேலை குரல்களைப் பதிவு செய்வது. அதற்குச் செல்போன் போதும். பெரியவரை உட்கார வைத்து, எந்த ஆண்டு சேர்ந்தீர்கள், முதல் நாள் என்ன வேலை கொடுத்தார்கள், எந்த இன்ஜின், யார் மேஸ்திரி, முதல் சம்பளம் எவ்வளவு என்று பொறுமையாகக் கேளுங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள். பேரும் தேதியும் எழுதி வையுங்கள். இரண்டாவது, வீட்டுப் பரணில் கிடப்பவை. பழைய பாஸ், சம்பளச் சீட்டு, யூனியன் நோட்டீஸ், குழுப் புகைப்படம், கால அட்டவணை, கை விளக்கு. அவற்றைக் காயலாங்கடைக்குப் போடாதீர்கள். பொருள் உங்களிடமே இருக்கட்டும், படம் எடுத்து எங்களுக்குக் கொடுங்கள். ரயில்வேயின் சொத்தை மட்டும் யாரும் தொட வேண்டாம். பழைய லீவரோ மணியோ கண்ணில் பட்டால், இங்கே இன்னது இருக்கிறது என்று எழுதி அதிகாரிகளிடம் கொடுப்போம். பொருளைத் தூக்கிவந்தால் நம் சங்கத்தின் மேலுள்ள நம்பிக்கை அன்றோடு போய்விடும்.

மூன்றாவது, இடம். ராயபுரம் நிலையத்தில் ஓர் அறை, மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று கேட்டு, சென்னைக் கோட்ட மேலாளருக்கு முறைப்படி மனு கொடுப்போம். அனுமதி கிடைக்கும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. நம் மாத்தூர்ப் பள்ளிக்கூடத்திலேயே முதல் கண்காட்சியை வைப்போம்.

2031 ஜூலை 1 அன்று ராயபுரத்தின் முதல் வண்டிக்கு 175 வயது. அன்றைக்கு அரசாங்கம் விழா எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். எடுத்தால், அந்த மேடையில் வைக்க வடசென்னை மக்களின் குரல்கள் நம் கையில் இருக்க வேண்டும். எடுக்காவிட்டால், அந்த விழாவை நாமே எடுக்க வேண்டும்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் பெயரையும், உங்கள் வீட்டிலோ தெருவிலோ ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர்கள் யார் யார் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் அந்த வீடுகளுக்கு வருகிறோம்.